முதல் கப்பல் பயணம்: எந்த அறை நல்ல அறை?

தமிழனுக்குக் கப்பல் பயணம் புதிது அல்ல. கப்பலில் அறை பார்த்து எடுப்பதுதான் புதிது!

"ரஜூலா" என்ற கப்பலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926-ம் ஆண்டில் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் ஓடியது. அதில் போன தமிழர்களில் பெரும்பாலோர் தளத்துப் பயணிகள். பாய் விரித்த இடம்தான் அவர்களுக்கு அறை. துணி மூட்டைதான் தலையணை. காற்று வந்தால் அது நல்ல இடம். மழை வந்தால் கெட்ட இடம். அவ்வளவுதான்!

அவர்கள் போனது பிழைப்புக்காக. இன்று போகிறவர்கள் உல்லாசத்துக்காகப் போகிறார்கள். 2022-ம் ஆண்டு ஜூன் மாதம், சென்னைத் துறைமுகத்தில் இருந்து உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், இலங்கையின் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்னையில் இருந்து கப்பல் புறப்பட்டது. விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்து வருகிற குடும்பங்களும் உண்டு.

இது சிறிய செலவு அல்ல. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பங்கு. மணிவிழாவுக்குப் பிள்ளைகள் கொடுக்கும் பரிசு. புதுமணத் தம்பதியின் ஓராண்டுச் சேமிப்பு - இப்படிச் சேர்ந்த பணம் அது. "ஆயுளில் ஒரு தடவை" என்று சொல்லிக்கொண்டு போகிற பயணம்.

அந்தப் பணத்தைக் கட்டும் மேசையில், முதல் கேள்வியே எழுகிறது: எந்த அறை வேண்டும்?

கடலையே பார்த்திராத கேள்வி அது! பணம் கட்ட வந்தவர் திகைக்கிறார். ஏஜெண்டு ஒரு படத்தை நீட்டுகிறார். படத்தில் ஒரு பால்கனி. அதில் இரண்டு நாற்காலி. எதிரே நீலக் கடல். "இன்னும் கொஞ்சம் போட்டால் இதுவே கிடைக்கும்" என்கிறார். படம் வென்றுவிடுகிறது. பணம் கைமாறுகிறது.

பிறகு என்ன நடக்கிறது? சில குடும்பங்கள் மகிழ்ச்சியோடு திரும்புகின்றன. சில குடும்பங்களில், "மூன்று நாளும் தலையைத் தூக்க முடியவில்லை", "இரவு முழுவதும் மேலே யாரோ மேசையை இழுத்துக்கொண்டே இருந்தார்கள்" என்ற பேச்சுத்தான் மிஞ்சுகிறது. பால்கனிக்குப் பணம் கொடுத்தவர்தான்! ஆனால் அந்தப் பால்கனி கப்பலில் எந்த இடத்தில் இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். அறையின் வகையை விட, அறை இருக்கும் இடம் முக்கியம். முதல் முறை போகிறவருக்கு அதுதான் முதல் பாடம்.

நான்கு வகை அறைகள்

உல்லாசக் கப்பல்களில் பொதுவாக நான்கு வகை அறைகள் உண்டு.

முதலாவது, உள் அறை. இது கப்பலின் உட்பக்கத்தில் இருக்கும். ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவுதான். கட்டணம் குறைவு.

இரண்டாவது, ஜன்னல் அறை. கடல் தெரியும். ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாது. காற்று வராது, வெளிச்சம் வரும்.

மூன்றாவது, பால்கனி அறை. கதவைத் திறந்து வெளியே உட்காரலாம்.

நான்காவது, சொகுசு அறைத் தொகுதி. படுக்கை தனி, வரவேற்பு இடம் தனி. கட்டணமும் அதற்குத் தக்கபடி இருக்கும்.

உள் அறை ஒன்று பெரும்பாலும் 140 முதல் 180 சதுர அடி வரை இருக்கும். அதற்குள்ளேயே கட்டில், அலமாரி, குளியல் அறை எல்லாம் அடக்கம். வீட்டில் உள்ள சிறிய படுக்கை அறையை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஓட்டல் அறையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

பால்கனி என்றால் கடலைப் பார்த்த பால்கனி என்றே பலரும் எண்ணுகிறார்கள். எல்லாக் கப்பலிலும் அப்படி இல்லை. 2009-ல் ஓடத் தொடங்கிய "ஒயாசிஸ் ஆப் தி சீஸ்" என்ற பெருங்கப்பலில், நடுவே ஒரு பூங்காவை அமைத்தார்கள். அந்தப் பூங்காவைப் பார்த்தபடியும் பால்கனிகள் உண்டு. எதிர் வரிசையில் இருப்பவர் பல் தேய்ப்பதைப் பார்க்கலாம்; கடலைப் பார்க்க முடியாது! அது பிடித்தவர் எடுக்கலாம். தெரியாமல் எடுக்கக் கூடாது.

பணக்காரர்கள் எங்கே படுத்தார்கள்?

நல்ல இடம் எது என்பதற்குப் பழைய கப்பல்களே சாட்சி.

1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலை எல்லோருக்கும் தெரியும். அதில் முதல் வகுப்பு அறைகள் பெரும்பாலும் கப்பலின் நடுப்பகுதியில் இருந்தன. மூன்றாம் வகுப்புக்காரர்களுக்கு இரண்டு ஓரங்கள் ஒதுக்கப்பட்டன. தனியாக வந்த ஆண்களை முன்பகுதியில் தங்க வைத்தார்கள். குடும்பங்களையும் தனியாக வந்த பெண்களையும் பின்பகுதியில் தங்க வைத்தார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. பணம் கொடுத்தவருக்கு ஆட்டம் இல்லாத இடம். கொடுக்க முடியாதவருக்கு, அலை தூக்கி அடிக்கும் முனையும் எந்திரம் அதிரும் முனையும்!

இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. இப்போது ஜன்னலுக்கும் பால்கனிக்கும்தான் பெரிய விலை. நடுவில் உள்ள அறைக்குச் சில கம்பெனிகள் சற்றுக் கூடுதலாகக் கேட்பது உண்டு. ஆனால் உள் அறைக்கும் பால்கனி அறைக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் சிறு தொகைதான்.

இதன் பொருள் என்ன? அந்தக் காலத்துச் சீமான்கள் பெரும் பணம் கொடுத்து வாங்கிய நடு இடம், இந்தக் காலத்துச் சாதாரணக் குடும்பத்துக்கு உள் அறைக் கட்டணத்திலேயே கிடைக்கிறது. கேட்டு வாங்குவோர்தான் குறைவு!

கப்பல் ஆடும் விதம்

கப்பல் இரண்டு விதமாக ஆடுகிறது.

ஒன்று, முன்னும் பின்னும் ஏறி இறங்குவது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையைப் போன்றது இது. பலகையின் இரு முனையில் உட்கார்ந்தவர்கள் மேலே போவார்கள், கீழே வருவார்கள். நடுவில் நிற்பவன் அசையமாட்டான். பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து மலைப் பாதையில் போனவருக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

மற்றொன்று, பக்கவாட்டில் சாய்வது. தேர் ஓடும்போது, உச்சியில் இருக்கும் கலசம் எவ்வளவு ஆடுகிறது! சக்கரத்தின் அருகே அந்த ஆட்டம் தெரிவதில்லை. கப்பலிலும் அப்படித்தான். மேல்தளத்தில் ஆட்டம் அதிகம். கீழ்த்தளத்தில் குறைவு.

பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, நவீனக் கப்பல்களில் ஒரு சாதனம் உண்டு. மீனின் துடுப்பைப் போன்ற பலகைகள் நீருக்கு அடியில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு இருக்கும். அவை சாய்வைக் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது.

கப்பலின் முன்பகுதியை அணியம் என்றும், பின்பகுதியை அமரம் என்றும் நமது கடற்கரை மக்கள் சொல்வார்கள். முதல் முறை போகிறவருக்கு இரண்டுமே வேண்டாம். அணியத்துக்கும் அமரத்துக்கும் நடுவே, உயரத்திலும் மேலே போகாமல், கீழ்த்தளங்களில் அமைந்த அறையே ஆட்டம் குறைந்த அறை. உயர்ந்த தளத்தின் முன் முனையில் உள்ள அறைதான் மிக அதிகமாக ஆடும். படத்தில் அழகாகத் தெரிவதும் பல சமயம் அதுதான்!

மயக்கம் வருமா?

கடல் மயக்கம் ஒரு நோய் அல்ல. உடம்பு அசைவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. அறையின் சுவரோ அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. காது ஒன்று சொல்ல, கண் ஒன்று சொல்ல, மூளை குழம்புகிறது. வயிறு புரட்டுகிறது.

உள் அறைக்கு எதிராக ஒரு வாதம் இங்கே உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஜன்னல் வழியாக அடிவானத்தைப் பார்த்தால் சிலருக்கு மயக்கம் தெளிகிறது. உள் அறையில் அதற்கு வழி இல்லை. ஆகவே காரில் போனாலே குமட்டல் வருகிறவர்கள், கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில், ஜன்னல் அறையை எடுப்பது நல்லது. பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியே போதும்.

மற்றவர்கள் உள் அறையில் தங்கிக்கொண்டு, தலை சுற்றும்போது திறந்த தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மாத்திரை தேவைப்படுமானால், ஊரில் இருக்கும்போதே டாக்டரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதியவர்கள், வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

பயணம் போகும் மாதமும் அறையைப் போலவே முக்கியம். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் புயல் தோன்றுவது உண்டு. அந்த மாதங்களில் போகிறவர், நடு இடத்தைத் தவிர வேறு இடத்தை நினைக்கவே கூடாது.

மேலே என்ன? கீழே என்ன?

ஆட்டத்துக்கு அடுத்தபடியாகத் தூக்கத்தைக் கெடுப்பது சத்தம்.

உல்லாசக் கப்பல் இரவில் உறங்குவது இல்லை. நாடக அரங்கு, நடனக் கூடம், சாப்பாட்டுக் கூடம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். நடனக் கூடத்துக்கு மேலே அறை கிடைத்தால், தாளம் கட்டில் வரை வரும். நீச்சல் குளத்தின் கீழே அறை கிடைத்தால், விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசையில் கண் விழிக்க வேண்டும். சமையல் கூடத்தின் அடியிலோ, இரவு முழுவதும் வண்டி உருளும்.

அணியத்தின் கீழ்த்தளத்தில், துறைமுகம் வந்ததும் நங்கூரச் சங்கிலியின் இரைச்சல் கேட்கும். கப்பலைப் பக்கவாட்டில் திருப்பும் எந்திரமும் அங்கேதான் உறுமும். அமரத்தில் எந்திரத்தின் அதிர்வு உண்டு.

இதற்கு ஒரே ஒரு விதி போதும். மேல்தளத்திலும் பயணிகள் அறை, கீழ்த்தளத்திலும் பயணிகள் அறை, நடுவில் தன் அறை - இப்படி அமைந்தால் தூக்கம் நிச்சயம். ஒவ்வொரு தளத்துக்கும் வரைபடம் உண்டு. கம்பெனிகளே அதை வெளியிடுகின்றன. மூன்று தளங்களின் படத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தலைக்கு மேல் என்ன இருக்கிறது, காலுக்குக் கீழ் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை!

இன்னும் மூன்று சங்கதிகளை அந்தப் படத்தில் பார்க்க வேண்டும். அடுத்த அறைக்குப் போகும் இடைக் கதவு இருக்கிறதா? இருந்தால், அடுத்தவர் குறட்டை வரை கேட்கும். ஒரே குடும்பம் இரண்டு அறை எடுத்தால் அதுவே வசதி. வாசலுக்கு நேர் எதிரே லிப்ட் இருக்கிறதா? இருந்தால், நள்ளிரவு வரை காலடி ஓசை. ஜன்னலுக்கு வெளியே உயிர்காக்கும் படகு தொங்குகிறதா? தொங்கினால், கடலுக்குப் பதில் படகின் வயிற்றைத்தான் பார்க்கலாம். "பார்வை மறைக்கப்பட்டது" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கட்டணமும் குறைவாக இருக்கும். வெளிச்சம் மட்டும் போதும் என்பவருக்கு அது லாபம்.

பால்கனி யாருக்கு?

பால்கனி வேண்டாம் என்பது அல்ல. அதற்கும் இடம் உண்டு, காலம் உண்டு.

நார்வே நாட்டில், இரண்டு பக்கமும் மலை நிற்க, நடுவே கடல் நுழைந்த வழியில் கப்பல் போகும். அலாஸ்காவில் பனிப்பாறைகளின் அருகே கப்பல் நிற்கும். அங்கே பார்க்க வேண்டியது எல்லாம் வெளியேதான் இருக்கிறது. ஏழு நாள், பத்து நாள் பயணம் வேறு. அங்கே பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. தனிமையை விரும்பும் புதுமணத் தம்பதிக்கும் அது பொருந்தும். மூடிய அறையில் மூச்சு முட்டுவதாக உணர்கிறவர்கள் உண்டு. அவர்கள் உள் அறையை எடுக்கவே கூடாது. ஜன்னலோ பால்கனியோ அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல, அவசியம்.

ஆனால் இரண்டு இரவு, மூன்று இரவுப் பயணத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் நாள் மாலையில் கப்பல் புறப்படும். கடைசி நாள் காலையில் இறங்க வேண்டும். நடுவில் ஒரு நாள் கரையில் இறங்கி ஊர் பார்ப்பதற்குப் போய்விடும். இருக்கிற பகல் பொழுதில் சாப்பாடு, விளையாட்டு, நிகழ்ச்சிகள். அறையின் பால்கனியில் உட்காருவதற்கு எத்தனை மணி நேரம் மிச்சம்? அந்த மணிக்கு என்ன விலை?

கப்பலின் திறந்த தளம் எல்லோருக்கும் பொது. சூரியன் உதிப்பதை உள் அறைக்காரரும் அங்கே நின்று பார்க்கலாம். பால்கனி அறைக்காரருக்கு வேறு சூரியன் உதிப்பது இல்லை!

2022-ல் சென்னையில் இருந்து புறப்பட்ட "எம்பிரஸ்" கப்பல் 1990-ல் கட்டப்பட்டது. அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறைகள் கொஞ்சம்தான். பெரும்பாலானவை உள் அறைகளும் ஜன்னல் அறைகளுமே. 2024-ல் ஓடத் தொடங்கிய "ஐகான் ஆப் தி சீஸ்" கப்பலிலோ மொத்தம் 2,805 அறைகள், 20 தளங்கள், நீளம் 365 மீட்டர். கப்பலுக்குக் கப்பல் கணக்கு மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அறை, இந்தக் கப்பலில் நல்ல அறையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் பால்கனி எடுத்தால், ஒரு காவல் வேண்டும். நாற்காலியையும் மேசையையும் தடுப்பின் அருகே போடக் கூடாது. குழந்தை ஏறுவதற்கு ஒரு நொடி போதும்.

வலமா? இடமா?

எந்தப் பக்கத்து அறை நல்லது என்றும் கேட்கிறார்கள். சென்னையில் இருந்து தெற்கே திரிகோணமலைக்குப் போகும்போது, காலைச் சூரியன் இடப்பக்கம். திரும்பி வரும்போது வலப்பக்கம். சிங்கப்பூரில் இருந்து பினாங்கு போகும்போது, மலேயாக் கரை வலப்பக்கம். திரும்பும்போது இடப்பக்கம்.

புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியது இல்லை. ஒரு வழிப் பயணமாகக் கரையை ஒட்டிப் போகும்போது மட்டும், கரை எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும்.

பாட்டியும் பேரனும்

நமது வீடுகளில் பயணம் என்றால் தனி ஆள் பயணம் அல்ல. பாட்டி உண்டு, பேரன் உண்டு.

"நாலு பேர் தங்கும் அறை" என்பார்கள். நாலு கட்டில் என்று நினைக்கக் கூடாது. இரண்டு பேருக்குக் கீழே கட்டில். மற்ற இருவருக்குச் சுவரில் இருந்தோ கூரையில் இருந்தோ இறக்கும் படுக்கை. ரெயிலின் மேல் படுக்கை போன்றதுதான். ஏணியில் ஏற வேண்டும். பேரனுக்குக் கொண்டாட்டம், பாட்டிக்குத் திண்டாட்டம்! ஆட்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட, கீழே எத்தனை பேர் படுக்க வேண்டும் என்பதைப் பார்த்து அறை எடுக்க வேண்டும்.

குளியல் அறை வாசலில் உயரமான படி இருக்கும் கப்பல்கள் பல. இரவில் முதியவர் தடுக்கி விழ அதுவே போதும். படி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்பதில் தவறு இல்லை.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குத் தனி அறைகள் உண்டு. அவற்றின் கதவு அகலமாக இருக்கும். படி இருக்காது. குளியல் அறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். ஆனால் ஒரு கப்பலில் அப்படிப்பட்ட அறைகள் மிகச் சிலவே. கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. சாதாரண அறையின் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாமல் போனால், அந்தப் பயணம் வாசலிலேயே முடிந்துவிடும். மற்ற எதையும் தீர்மானிக்கும் முன் இதைத்தான் தீர்மானிக்க வேண்டும்.

நடக்கச் சிரமப்படுகிறவருக்கு, லிப்டுக்குப் பக்கத்தில் அறை வேண்டும். நேர் எதிரே வேண்டாம். ஏழெட்டுக் கதவு தள்ளி இருந்தால், நடையும் குறைவு; சத்தமும் குறைவு. 300 மீட்டர் நீளக் கப்பலின் முனையில் அறை எடுத்துவிட்டு, நாள் முழுவதும் போவதும் வருவதுமாக இருந்தால், கால் வலிதான் பயணத்தின் நினைவாக மிஞ்சும்.

பணம் கட்டும் முன்பு

விளம்பரத்தில் போடும் கட்டணம் பெரும்பாலும் ஒரு ஆளுக்கு உரியது. அதுவும் ஒரு அறையில் இருவர் தங்கினால்! உள் அறைக்கு ஆளுக்கு 30 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அறைக்கு 60 ஆயிரம். பால்கனி ஆளுக்கு 45 ஆயிரம் என்றால், அறைக்கு 90 ஆயிரம். "15 ஆயிரம்தான் கூடுதல்" என்று காதில் விழுந்தது, 30 ஆயிரமாக நிற்கும். தனியாகப் போகிறவரிடம், ஏறக்குறைய இருவர் கட்டணத்தையே கேட்கும் கம்பெனிகள் உண்டு. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர் அன்பளிப்பு, விசா, இன்சூரன்சு - இவை அடங்குமா, அடங்காதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு வகை விற்பனையும் நடக்கிறது. "வகை மட்டும் உறுதி, அறை எண்ணைப் பிறகு கம்பெனி கொடுக்கும்" என்பார்கள். கட்டணம் குறையும். அதிர்ஷ்டம் இருந்தால் நல்ல அறை வரும். இல்லாவிட்டால் அணியத்து மூலை வரும். பத்து முறை போனவருக்கு இது விளையாட்டு. முதல் முறை போகிறவருக்கு, மயக்கம் வருகிறவருக்கு, முதியவர்களை அழைத்துப் போகிறவருக்கு இது சூதாட்டம். சிறிது கூடக் கொடுத்தாலும், அறை எண்ணைத் தாமே தேர்ந்து எடுப்பதுதான் அவர்களுக்குப் புத்திசாலித்தனம்.

"உயர்ந்த அறைக்கு மாற்றித் தருகிறோம்" என்று பிறகு ஒரு அழைப்பு வரும். மகிழ்ந்துபோய் உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது. வகை உயர்ந்தாலும் இடம் தாழ்ந்து போகலாம். புது அறையின் எண்ணைக் கேட்டு, படத்தில் பார்த்து, பிறகு பதில் சொல்லலாம்.

கதவின் பின்னால் உள்ள காகிதம்

"கீழ்த்தளம் என்றால் ஆபத்து இல்லையா?" என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. பயணிகள் அறைகளில் பெரும்பாலானவை நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கின்றன. ஆபத்துக் காலத்தில் காப்பாற்றுவது அறையின் தளம் அல்ல, வழி தெரிந்திருப்பதுதான்.

2012-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி இரவு, இத்தாலியில் ஜீலியோ தீவின் அருகே "கோஸ்டா கன்கார்டியா" என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சி அதுவரை நடத்தப்படவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி திருத்தப்பட்டது. கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்ற விதி 2015-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது.

ஆகவே அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறக்கும் முன், கதவின் பின்னால் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்க வேண்டும். கூட வேண்டிய இடம் எது? எந்தப் படிக்கட்டு? அங்கிருந்து ஒரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும். ஆபத்தில் லிப்டை நம்பக் கூடாது. வீட்டில் உள்ள குழந்தைக்கும் வழி தெரிய வேண்டும். அது தெரிந்த அறையே பாதுகாப்பான அறை.

விற்பவர் கடமை

வாங்குகிறவரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. சேலை வாங்கப் போனால், கடைக்காரர் பிரித்துக் காட்டுகிறார். வீட்டு மனை வாங்கினால், வரைபடம் தருகிறார்கள். கப்பலில் அறை வாங்கும்போது மட்டும் ஒரு வண்ணப் படத்தோடு நிறுத்துவானேன்?

பணம் வாங்கும் முன்பே தளத்தின் வரைபடத்தை வாடிக்கையாளர் முன் விரித்து வைக்க வேண்டும். அறை எண்ணை ரசீதில் எழுத வேண்டும். பார்வை மறைக்கப்பட்ட ஜன்னல் என்றால், சின்ன எழுத்தில் அல்ல, வாயால் சொல்ல வேண்டும். உடன் வருகிறவர்களில் முதியவர் உண்டா, நோயாளி உண்டா என்று கேட்டு, அதற்குத் தக்க அறையைக் காட்ட வேண்டும். மொத்தச் செலவை ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும். இவை சலுகை அல்ல, வியாபார நேர்மை. இதைச் செய்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். எல்லோரும் செய்தால், கப்பல் பயணம் தமிழ்நாட்டில் வளரும். ஒரு முறை ஏமாந்தவர், மறு முறை துறைமுகத்தின் பக்கமே வரமாட்டார்!

வாங்குகிறவரும் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்க வேண்டியவை ஐந்தே கேள்விகள்தான்:

அறை நடுவில் இருக்கிறதா?

எந்தத் தளம்?

மேலே என்ன, கீழே என்ன?

அறை எண் என்ன?

எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு, கையில் பணம் மிச்சம் இருந்தால் ஜன்னல் எடுக்கலாம். இன்னும் இருந்தால் பால்கனி எடுக்கலாம். இல்லாவிட்டாலும் குறை இல்லை. நடுவில் ஒரு சின்ன உள் அறையில், குடும்பம் முழுவதும் நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் மேல்தளத்துக்கு வந்து கடலைப் பார்த்தால், அதுவே நல்ல பயணம்.

முதலில் இடம். பிறகு ஜன்னல். முதல் முறை கப்பல் ஏறுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்!